பறிகூலிக்கும் கட்டாத விலை

2023 ஜூலையில் தமிழக அரசு ரேஷன் கடைகளில் தக்காளியைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வெளிக்கடைகளில் விலை அப்போது நூறைத் தாண்டியிருந்தது. மத்திய அரசு மதனப்பள்ளி, கோலார், நாராயண்காவ் சந்தைகளில் தக்காளியை வாங்கி, டெல்லியில் வண்டி வைத்துக் கிலோ 90 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. செப்டம்பரில் நிலைமை தலைகீழாகிவிட்டது. மொத்த விலை கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே சரிந்தது. சில விவசாயிகள் பழத்தைச் சாலையோரம் கொட்டினார்கள். சிலர் பறிக்காமல் செடியிலேயே விட்டு உழுதார்கள். வேறு சிலரோ நஷ்டம் என்று தெரிந்தே விடியற்காலையில் ஆள் வைத்துப் பறித்து மண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கொட்டுகிறவரைப் பார்த்தால் "சும்மாவாவது யாருக்காவது கொடுத்திருக்கலாமே" என்கிறோம். நஷ்டத்துக்கு விற்கிறவரைப் பார்த்தால் "தெரிந்தே ஏன் இந்த வேலை" என்கிறோம். இந்த இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள், இரண்டு பேரும் சரியாகவே போடுகிறார்கள் என்பது என் கருத்து. பொருளியல் பாடத்தில் குறுகிய காலச் செலவுக் கோடுகள் என்று ஒரு அதிகாரம் உண்டு. பதினோராம் வகுப்பில் வரைந்துவிட்டு மறந்துபோகும் அந்தக் கோடுகள்தான் தக்காளித் தோட்டத்தில் ஒவ்வொரு பறிப்பு நாளிலும் முடிவெடுக்கின்றன.

முதலில் சந்தையைப் பார்த்துவிடுவோம். ஒட்டன்சத்திரம், உடுமலை, பாலக்கோடு மண்டிகளுக்கு வரும் தக்காளியில் இது யாருடைய தோட்டத்துப் பழம் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. ஒரே ரகம், ஒரே பருவட்டு என்றால் ஒரே விலை. விற்க வருகிறவர்கள் ஏராளம். ஒரு விவசாயி இன்று ஐம்பது பெட்டி கொண்டுவந்தாலும் ஒன்றும் கொண்டுவராவிட்டாலும் மண்டி விலை அசையாது. யார் வேண்டுமானாலும் அடுத்த பட்டத்தில் தக்காளி நடலாம், விட்டுவிடவும் செய்யலாம். பாடநூல் நிறைவுப் போட்டி என்று சொல்வதற்கு நடைமுறையில் இவ்வளவு அருகில் வரும் சந்தைகள் குறைவு. விற்பவர் பக்கத்தைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன். வாங்குகிற பக்கத்தில் வியாபாரிகளும் கமிஷன்காரர்களும் எண்ணிக்கையில் குறைவு, கடன் கொடுத்த கையே விலையும் சொல்லும் இடங்கள் உண்டு. அது தனிக் கதை. அந்தக் குறை ஒன்றும் இல்லாத, முழு நேர்மையான சந்தையிலும் தக்காளி வீதிக்கு வரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இப்படிப்பட்ட சந்தையில் விவசாயி விலையை நிர்ணயிப்பதில்லை. சொன்ன விலையை எடுத்துக்கொள்கிறார். அவர் கையில் இருக்கும் முடிவு ஒன்றுதான்: இந்த விலைக்கு எவ்வளவு அனுப்புவது? அனுப்புவதா வேண்டாமா என்பதும் அதற்குள் அடங்கியதே.

அந்த முடிவுக்குச் செலவை இரண்டாகப் பிரிக்கவேண்டும். உழவு, நாற்று, நிலப்போர்வை, சொட்டுநீர்க் குழாய், உரம், மருந்து, குச்சி ஊன்றிக் கயிறு கட்டிய கூலி, நிலக் குத்தகை ஆகியவை முதல் பழம் சிவக்கும்போதே செலவாகி முடிந்தவை. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் மாறாது. பறிகூலி, ஏற்று இறக்குக் கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் ஆகியவை பறித்தால் மட்டுமே வரும். முன்னதை மாறாச் செலவு என்றும் பின்னதை மாறும் செலவு என்றும் பாடநூல் சொல்லும். 1890-ல் வெளியான தம் நூலில் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் இந்தப் பிரிவைத்தான் அடித்தளமாக வைத்தார். இன்று வகுப்பறைகளில் வரையும் படங்களுக்கு முறையான வடிவம் கொடுத்தது 1931-ல் ஜேக்கப் வைனர் எழுதிய கட்டுரை.

எண்களை வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். பின்வருவன கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு இவை மாறும்.

ஒரு ஏக்கர் தக்காளி. பறிப்புத் தொடங்குமுன் போட்ட முதல் 90,000 ரூபாய். பருவம் முழுவதும் 15 பறிப்பு என்று வைத்தால் ஒரு பறிப்பின் தலையில் 6,000 ரூபாய் விழுகிறது. ஒரு ஆளுக்கு நாள் கூலி 400. பெட்டிக்கு 14 கிலோ. தோட்டத்திலிருந்து மண்டிவரை ஒரு பெட்டிக்கு ஏற்றுக்கூலியும் வாடகையும் சேர்த்து 30 ரூபாய். விலை என்று கீழே சொல்வதெல்லாம் கமிஷன் கழித்துக் கைக்கு வரும் விலை.

ஒருவர் மட்டும் பறித்தால் அவரே பறித்து, அவரே சுமந்து வரப்புக்குக் கொண்டுவரவேண்டும். நாளுக்கு 10 பெட்டி. இரண்டாம் ஆள் வந்தால் ஒருவர் பறிக்க ஒருவர் சுமக்கலாம். மொத்தம் 22 பெட்டி. மூவர் என்றால் 33. நான்காம் ஆள் வரும்போது கைக்கு எட்டும் சிவந்த பழம் குறைந்துவிட்டது. மொத்தம் 42. ஐந்தாமவர் புதருக்குள் தேடிப் பறிக்கிறார். மொத்தம் 48. ஆறாமவர் வந்தால் 51. ஏழாமவர் நாள் முழுதும் அலைந்து ஒரு பெட்டி சேர்க்கிறார். ஆட்களின் திறமையில் ஒரு குறையும் இல்லை. நிலமும் அன்று பழுத்த பழமும் அளவோடு இருக்க, ஆளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு புது ஆளும் சேர்ப்பது ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையத்தான் செய்யும். குறைந்து செல் விளைவு விதி என்பது இதுதான். குறுகிய காலம் என்ற சொல்லின் பொருளும் இதிலேயே இருக்கிறது. ஏதோ ஒன்று, இங்கே தோட்டம், இப்போதைக்கு மாற்றமுடியாதபடி நிற்கும் காலம் அது.

இனி, அடுத்த பெட்டிக்கு என்ன செலவு என்று கேட்போம். முதல் ஆள் பறிக்கும் பெட்டிக்குக் கூலி 40, வாடகை 30, ஆக 70 ரூபாய். இரண்டாம் ஆள் 12 பெட்டி கூட்டுகிறார், எனவே அவருடைய பெட்டிக்கு 63. மூன்றாமவர் பெட்டிக்கு 66, நான்காமவர் பெட்டிக்கு 74, ஐந்தாமவர் பெட்டிக்கு 97, ஆறாமவர் பெட்டிக்கு 163, ஏழாமவருடைய ஒரே பெட்டிக்கு 430. இதுதான் இறுதிநிலைச் செலவு. சற்று இறங்கிப் பிறகு விறுவிறுவென ஏறும் கோடு.

இப்போது மாறும் செலவின் சராசரி. ஒரு ஆள் என்றால் பெட்டிக்கு 70. இருவரோ மூவரோ என்றால் 66 ரூபாய் சில்லறை. நால்வருக்கு 68. ஐவருக்கு 72. அறுவருக்கு 77. இதுவும் இறங்கி ஏறுகிறது, ஆனால் மெதுவாக. இதன் அடிமட்டம் மூவர் பறிக்கும் இடத்தில் இருக்கிறது. அதே இடத்தில் இறுதிநிலைச் செலவும் அதே 66. இது தற்செயல் இல்லை. புதிதாகச் சேரும் பெட்டியின் செலவு சராசரியைவிடக் குறைவாக இருக்கும்வரை சராசரி இறங்கும், கூடுதலானதும் ஏறும். எனவே இறுதிநிலைக் கோடு சராசரிக் கோட்டை அதன் அடிமட்டத்தில்தான் வெட்டமுடியும்.

போட்ட முதலையும் சேர்த்தால் முழுச் சராசரிச் செலவு வரும். மூவர் பறித்தால் பெட்டிக்கு 248. 6,000 ரூபாய் வெறும் 33 பெட்டிமேல் விழுவதால் அவ்வளவு உயரம். நால்வர் என்றால் 211. ஐவர் என்றால் 197. அறுவர் என்றால் 195. ஏழாமவரைச் சேர்த்தால் மறுபடி 199. ஆக இந்தத் தோட்டத்தின் முழுச் செலவு மிகக் குறைந்தபட்சம் பெட்டிக்கு 195 ரூபாய், கிலோவுக்குப் பதினான்கு ரூபாய் அளவு.

இரண்டு விலைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 195, 66. இனி வருவதெல்லாம் இவ்விரண்டையும் சுற்றித்தான் நடக்கிறது.

மண்டி விலை 300 என்றால் சிக்கல் இல்லை. ஆறாம் ஆளின் பெட்டிக்கு 163 தான் செலவு, எனவே அவரையும் கூப்பிடலாம். ஏழாமவரின் பெட்டிக்கு 430 என்பதால் அவர் வேண்டாம். லாபம் கிடைக்கும். விலை 150 ஆனால் ஆறாம் ஆள் வேண்டாம், ஐவர் போதும். 48 பெட்டிக்கு 7,200 ரூபாய் வருகிறது. கூலியும் வாடகையும் 3,440. மிச்சம் 3,760. அந்தப் பறிப்பின் தலையில் 6,000 இருப்பதால் ஏட்டில் 2,240 ரூபாய் நஷ்டம். ஆனால் பறிக்காமல் விட்டிருந்தால் நஷ்டம் 6,000 முழுதாக இருந்திருக்கும். பறித்ததால் நஷ்டம் பாதிக்கும் கீழே குறைந்தது.

விலை 80-க்கு இறங்கினால் நால்வர் போதும். 42 பெட்டிக்கு 3,360 ரூபாய் வருகிறது, செலவு 2,860. மிச்சம் 500 ரூபாய். அந்த 500-க்காகப் பறிப்பது வீண் என்று தோன்றலாம். ஆனால் அது மருந்துக்கடைப் பாக்கியில் 500 குறைவது. நஷ்டத்துக்கு விற்கிறவரின் நியாயம் இதுதான். அவர் ஒப்பிடுவது லாபத்தையும் நஷ்டத்தையும் அல்ல, ஒரு நஷ்டத்தையும் இன்னொரு நஷ்டத்தையும்.

விலை 60 ஆகும்போது கணக்கு புரள்கிறது. மூவர் 33 பெட்டி பறித்தால் 1,980 ரூபாய் வரும், செலவு 2,190. போட்ட முதல் 6,000 போனது போக, கையிலிருந்து இன்னும் 210 ரூபாய் கொடுத்துப் பழத்தை மண்டிக்கு அனுப்பவேண்டும். ஆள் எண்ணிக்கையை எப்படி மாற்றினாலும் இந்த விலையில் மிச்சம் வராது. "பறிகூலிக்கும் கட்டாது" என்று விவசாயி சொல்லும் இடம் இது. பொருளியல் இதை உற்பத்தியை நிறுத்தும் புள்ளி என்கிறது. மாறும் செலவின் சராசரிக் கோடு தன் அடிமட்டத்தைத் தொடும் உயரம், நம் கணக்கில் 66 ரூபாய். அதற்குக் கீழே பழத்தைச் செடியில் விடுவதே குறைந்த நஷ்டம். சும்மா கொடுப்பதற்கும் பறிகூலி உண்டு, வாடகை உண்டு. அதை யார் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவரைக் குறைசொல்லக் கூடாது.

66-க்கு மேலே இறுதிநிலைச் செலவுக் கோடு போகும் வழியே அந்தத் தோட்டத்தின் அளிப்புக் கோடு. விலை 70 என்றால் 33 பெட்டி, 80 என்றால் 42, 100 என்றால் 48, 170 என்றால் 51. இப்படி ஆயிரக்கணக்கான தோட்டங்களின் கோடுகளைப் பக்கவாட்டில் கூட்டினால் மண்டிக்கு வரும் மொத்த வரத்து கிடைக்கிறது. செலவுக் கோடு வேறு, அளிப்புக் கோடு வேறு என்று தனித்தனி அதிகாரமாகப் படித்ததால் பலருக்கு இந்த இணைப்பே தெரியாமல் போகிறது. நம் பாடத்திட்டத்தில் எனக்குள்ள பெரிய வருத்தம் அது.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியோடு நின்றுவிடுகின்றன. தக்காளியில் அந்தப் புள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை.

நாற்று வாங்கப் போகும் நாளில் எல்லாச் செலவும் இன்னும் கையில்தான் இருக்கிறது. எதுவும் மாறாச் செலவு இல்லை. அன்று அவர் எதிர்பார்க்கும் விலை 195-க்குக் குறைவு என்றால் நடாமல் இருப்பதே சரி. நட்டு, 50,000 செலவழித்து, குச்சி ஊன்றும் கட்டத்துக்கு வந்துவிட்டார் என்று வைப்போம். போன பணம் போனதுதான். இனி ஆகவேண்டிய 40,000-ஐயும் பறிப்புச் செலவையும் மட்டும் கணக்கில் எடுத்தால், பெட்டிக்கு 130 ரூபாயை ஒட்டி வந்தாலே தொடர்ந்து செய்யலாம். பழம் சிவந்து நிற்கும் நாளில் அது 66. பறித்துப் பெட்டி வரப்பில் அடுக்கியாகிவிட்டது என்றால் கூலியும் போயாயிற்று, மிச்சம் வாடகை மட்டும். இப்போது 30 ரூபாய்க்கு மேல் எது வந்தாலும் ஏற்றலாம். வண்டி மண்டி வாசலில் வந்து நிற்கும்போது அது பூஜ்யம். திருப்பிக் கொண்டுபோக வாடகை வேண்டும், கொண்டுபோய் வைக்க இடமில்லை, நாளை மறுநாள் பழம் பழமாக இருக்காது. அந்த இடத்தில் பெட்டிக்கு 20 ரூபாய் என்றாலும் கொடுப்பதே கணக்குக்குச் சரி. அதுவும் கிடைக்காதபோதுதான் சாலையோரம் கொட்டப்படுகிறது.

195, 130, 66, 30, பூஜ்யம். ஒவ்வொரு படியிலும் விவசாயி செய்தது பிழையற்ற முடிவு. ஆனால் ஒவ்வொரு படியிலும் அவருடைய பேரம்பேசும் வலு குறைந்துகொண்டே வருகிறது. விலை பேசப்படுவதோ கடைசிப் படியில். இதில் யாருடைய சூழ்ச்சியும் தேவையில்லை. வாங்குகிறவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், பக்கத்து வண்டிக்காரர் 20 ரூபாய்க்குக் கொடுக்கத் தயாராக இருக்கும்போது இவருக்கு 195 கொடுக்க அவரால் முடியாது. அழுகும் பொருள், செலவு முழுதும் முன்னாலேயே முடிந்துபோகும் தொழில், எண்ணற்ற விற்பனையாளர்கள். மூன்றும் சேர்ந்தால் இதுதான் நடக்கும்.

மார்ஷல் இதற்கு நேர் எதிரான ஒன்றையும் கவனித்து எழுதியிருக்கிறார். ஆலை முதலாளிகள் மந்தமான காலத்தில், மாறும் செலவைவிடக் கூடுதல் விலை கிடைத்தாலும், முழுச் செலவுக்கு வெகு கீழே விற்கத் தயங்குவார்கள். இன்று குறைத்துக் கொடுத்தால் நாளைக்கும் அதையே கேட்பார்கள், சந்தை கெட்டுப்போகும் என்ற அச்சம். சில ஆலைகள் மட்டும் இருக்கும் தொழிலில் அந்த அச்சமே விலைக்கு ஒரு தாங்குகட்டையாக இருந்துவிடுகிறது. தக்காளி விவசாயிக்கு அப்படி அஞ்சுவதால் எந்தப் பயனும் இல்லை. அவர் நிறுத்திவைத்தாலும் விலை ஏறப்போவதில்லை, அவர் விற்றாலும் இறங்கப்போவதில்லை. சிமென்ட் விலை மந்தத்திலும் தாங்கி நிற்க, தக்காளி விலை தரையைத் தொடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நிறைவுப் போட்டியை லட்சியமாகப் போற்றுகிறவர்கள் அந்த லட்சியத்துக்கு மிக அருகில் வாழ்கிறவர்களின் வாழ்க்கையையும் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மேலே பறிகூலி 400 என்று வைத்தேன். கணவனும் மனைவியும் மகளும் சேர்ந்து பறிக்கும் வீட்டில் கையிலிருந்து போகும் கூலி எதுவும் இல்லை. ரொக்கக் கணக்கில் அவர்களுடைய நிறுத்தும் விலை 66 அல்ல, 30. அவர்கள் உழைப்புக்கு மதிப்பில்லை என்று இதற்குப் பொருளாகாது. அந்த நாளில் வெளியே 400 ரூபாய் வேலை கிடைக்குமானால், தங்கள் தோட்டத்தில் பறிப்பதன் உண்மையான செலவும் அதே 400 தான். வெளியே வேலை இல்லாத நாளில் அந்தச் செலவு இறங்கிவிடுகிறது. கூலிக்கு ஆள் வைக்கும் பெரிய தோட்டம் நிறுத்திய பிறகும் சின்னத் தோட்டத்திலிருந்து பெட்டிகள் வந்துகொண்டே இருப்பதற்கு இதுவே காரணம். ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாண்டர் சயானோவ் 1920-களில் குடும்பப் பண்ணைகளை ஆராய்ந்து இதை விரிவாக எழுதினார். முதலாளிப் பண்ணை மூடிவிடும் விலையிலும் குடும்பப் பண்ணை தாக்குப்பிடிக்கும், அதற்கு விலையாகத் தன் உழைப்பையே அது கொடுக்கிறது என்பது அவர் கண்டது. இதைச் சின்ன விவசாயியின் மன உறுதி என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. நாட்டில் வேறு வேலை எவ்வளவு கிடைக்கிறது என்பதும் தக்காளி விலையைத் தீர்மானிக்கிறது என்பதே இதில் நான் முக்கியமாகக் காண்பது.

நிறுத்துவது எப்போதும் இலவசம் என்றும் எண்ணிவிடக் கூடாது. தக்காளியில் பறிக்காமல் விட்டால் மேற்கொண்டு செலவு இல்லை. நாமக்கல் முட்டைப் பண்ணைக்கு அந்த வசதி கிடையாது. 1982-ல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாள்தோறும் அறிவிக்கும் விலை இன்று இறங்கிவிட்டது என்பதற்காகக் கோழிக்கு இன்று தீவனம் போடாமல் இருக்கமுடியாது. செலவின் பெரும்பகுதி தீவனம்தான். ஆனாலும் இன்றைய முட்டையைப் பொறுத்தவரை அதுகூட முடிந்துபோன செலவு, கோழி நேற்றே தின்றுவிட்டது. எனவே அங்கே நிறுத்துவது என்பது முட்டையின் அளவில் எடுக்கும் முடிவு ஆகாது. வயதான கோழிகளை முன்கூட்டியே இறைச்சிக்கு விற்றுவிடுவதா என்று கொட்டகை அளவில் எடுக்கும் முடிவு அது. விற்றுவிட்டால் புதுக் குஞ்சு வளர்ந்து முட்டையிட நாலைந்து மாதம் ஆகும். அதற்குள் விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்பதும் கணக்கில் சேரும். இதன் உச்சத்தை உலகம் 2020 ஏப்ரல் 20 அன்று பார்த்தது. அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. சேமிக்க இடம் இல்லை, கிணற்றை மூடித் திறப்பதோ செலவு மிக்கது, மூடினால் சில கிணறுகள் பழையபடி ஊறாமலும் போகலாம். எடுத்துச் செல்கிறவருக்கு விற்பவரே பணம் கொடுத்தார்.

நீண்ட காலத்துக்கு வருவோம். பாடநூல் இதை ஆறுதலாக முடித்துவைக்கும். லாபம் இருந்தால் புதியவர்கள் வருவார்கள், நஷ்டம் இருந்தால் சிலர் விலகுவார்கள், இறுதியில் விலை முழுச் சராசரிச் செலவின் அடிமட்டத்தில் வந்து நிற்கும். நம் கணக்கில் 195. தக்காளி விலை அங்கே நிற்பதை நான் பார்த்ததில்லை. அதைத் தாண்டி மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது. 2023-ன் நாட்காட்டியைப் பாருங்கள். ஜூன் கடைசியில் விலை ஏறியது. ஜூலை விலையைப் பார்த்து நட்டவர்களின் செடி பூத்துக் காய்த்து முதல் பறிப்புக்கு வர இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். அது செப்டம்பர். எல்லோரும் அதே விலையைப் பார்த்து அதே வாரங்களில் நட்டிருந்தார்கள். நேற்றைய விலையைப் பார்த்து நட்டு நாளைய விலைக்கு விற்பதால் வரும் இந்த ஊசலாட்டத்தைச் சிலந்தி வலைத் தேற்றம் என்ற பெயரில் அமெரிக்க வேளாண் பொருளியலாளர் மொர்டெகாய் எஸெகியல் 1938-ல் விளக்கினார்.

இதில் எதை மாற்றமுடியும்? படிகளில் எந்தப் படியில் நின்று விலை பேசுவது என்பதை மாற்றமுடியும். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. வட கேரளக் கரையில் மத்தி பிடிக்கும் படகுகளிடம் 1997 முதல் 2001 வரை கைபேசி பரவியது. அதற்கு முன்பு, 1997 ஜனவரியில் ஒரு நாள் காலை, வடகரைக் கடற்கரையில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டத் தயாரானார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பிப்போகவிருந்தார்கள். கைபேசி வந்தபின் கரைக்கு வருமுன்பே விலை கேட்டார்கள், எந்தக் கரையில் இறங்குவது என்று கடலிலேயே முடிவெடுத்தார்கள். மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது, கொட்டுவது அநேகமாக நின்றுபோனது. பிடித்த மீனின் அளவு மாறவில்லை. விலை கேட்கும் நேரம் மட்டும் ஒரு படி முன்னால் நகர்ந்தது.

தக்காளிக்குக் கைபேசி இந்த அளவு உதவவில்லை. மண்டி விலை இன்று எல்லோருக்கும் தெரிகிறது, ஆனால் அது தெரிவது 66-ஆம் படியில். பயன் தரக்கூடிய தகவல் 195-ஆம் படிக்கு உரியது: இந்த வாரம் எத்தனை ஏக்கரில் நாற்று இறங்குகிறது என்பது. நாற்றுப் பண்ணைகள் விற்கும் நாற்றின் எண்ணிக்கையை வட்டார அளவில் வாரம்தோறும் வெளியிட்டாலே போதும், இரண்டு மாதம் கழித்து வரப்போகும் வரத்தின் உருவம் தெரிந்துவிடும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை.

அரசு விலை கொடுக்கவேண்டும் என்கிறபோது எந்தக் கோட்டின் விலை என்ற கேள்வி எழுகிறது. கேரள அரசு 2020 நவம்பரில் 16 வகைக் காய்கறி, பழம், கிழங்குகளுக்கு அடிப்படை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் என்பது அளவுகோல். தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் தக்காளி இல்லை. அந்தப் பட்டியலில் இருக்கும் பயிர்களுக்கும் வாக்குவாதம் இதே இடத்தில்தான் நடக்கிறது. வேளாண் செலவுகள், விலைகள் ஆணையம் செலவை மூன்று அளவில் கணிக்கிறது. கையிலிருந்து கொடுத்த செலவு ஏ2. அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்தால் சி2. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல், ஆதரவு விலை உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக இருக்கவேண்டும் என்றது. 2018-ல் மத்திய அரசு ஒன்றரை மடங்கு தருவதாக அறிவித்தபோது எடுத்துக்கொண்ட அடிப்படை ஏ2 கூட்டல் எஃப்எல். விவசாயச் சங்கங்கள் கேட்பது சி2.

பழம் சிவந்து நிற்கும் நாளில் அவரைப் பறிக்கவைக்கக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் போதும். அடுத்த பட்டத்தில் மறுபடி நடவைக்க அது போதாது. நிலத்தை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட்டால் எவ்வளவு வரும், இந்த 90,000-ஐ வேறு எதில் போட்டிருக்கலாம் என்று அவர் கேட்டுக்கொள்வது அந்த நாளில்தான். அந்தக் கேள்விகளுக்கு விடை சி2-வில் இருக்கிறது, இவற்றைச் சேர்க்காத எந்தக் கணக்கிலும் இல்லை. சி2 தேவையில்லை என்று சொல்கிறவர்கள் இன்றைய பறிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். விவசாயச் சங்கங்கள் கேட்பது அடுத்த நடவைப் பற்றி.